ஒட்டிக்கொள்ளும் வரை

செல் வளர்க்கும் பிளாஸ்க்கைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்ததுமே செலினுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாதவள்போல இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தாள், சாய்த்தால் நிறம் மாறிவிடும் என்பதுபோல. செல்களுக்குச் சாப்பாடாக ஊற்றும் மீடியா நேற்று மாலை நீர்த்த ரோஜா சர்பத் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. இப்போது மஞ்சளாகி, அதுவும் தெளிந்த மஞ்சளாக இல்லாமல், அரிசி கழுவிய தண்ணீரில் மஞ்சள்பொடி விழுந்த மாதிரி கலங்கிக் கிடந்தது. பக்கத்து பிளாஸ்க்கும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள், பார்க்காமலும் இருந்திருக்கலாம். செல்களுக்கு நடுவே பாக்டீரியா பொடிப்பொடியாகத் துள்ளிக்கொண்டிருந்தது, அவ்வளவு சந்தோஷமாக. எல்லா மூடியிலும் நீல மையில் நித்திலாவின் பெயர். நித்திலாவுக்கு இன்றைக்குக் காலையில் கும்பகோணத்தில் கல்யாணம். இந்நேரம் தாலி ஏறியிருக்கும், பந்தி ஆரம்பித்திருக்கும், பேராசிரியர் சார் பட்டுச்சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருப்பார், ஆய்வகத்துப் பிள்ளைகள் மேடையேறி வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இங்கே பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில், கிருமி அண்டாமல் வேலை செய்வதற்கான ஹூட்டின் காற்று ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, கையுறைக்குள் விரல்கள் வியர்க்க, நித்திலாவின் இத்தனை வருஷத்து உழைப்பு அழுகிப்போனதைக் கையில் பிடித்துக்கொண்டு செலின் ஒருத்தி நின்றாள்.

"செலின் அக்கா இருக்காங்கள்ல." பிரதாப்தான் அப்படிச் சொன்னான். இந்த வருஷம் சேர்ந்தவன், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன். போன வாரம் டீ குடிக்கும்போது, எல்லோரும் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டால் செல்களை யார் பார்த்துக்கொள்வது என்று சார் பொதுவாகக் கேட்டார். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும், தீபாவளியன்றும் பசிக்கும். ஒவ்வொருவரும் அவரவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவன் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே அதைச் சொன்னான், எல்லோருடைய முகமும் லேசாகிவிட்டது. ஆமா, நான் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க என்று அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு அறைக்குப் போனபிறகுதான் அது முள்மாதிரி தைக்க ஆரம்பித்தது. இருக்காங்கள்ல. குடை இருக்குல்ல, ஏணி இருக்குல்ல என்று சொல்வதில்லையா, அதே 'ல்ல'. ஏணியிடம் யாரும் உனக்குக் கும்பகோணம் போக ஆசையா என்று கேட்பதில்லை. ஆனால் யாராவது கேட்டிருந்தால் மட்டும் போயிருப்பாளா? மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் அம்மாள் இவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டு, நீங்க கூட வேலை பார்க்கிறவங்களா, வீட்டுக்காரர் வரலையா என்பாள். அதற்கொரு சிரிப்பு வைத்திருக்கிறாள் செலின். இத்தனை வருஷமாகப் போட்டுப் போட்டு அது இளகிப்போய்விட்டது, இப்போதெல்லாம் சரியாகப் பொருந்துவதில்லை. ஆகவே கேட்காததே நல்லது. நல்லதுதான். ஆனால் ஒரு தடவை கேட்டிருக்கலாம், வேண்டாம் என்று சொல்வதற்காவது.

நித்திலா ஒருத்தி கேட்டிருப்பாள். அவள் அன்றைக்கு டீக்கு வரவில்லை, புடவை எடுக்கப் போயிருந்தாள். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்தே அவள் பாதி நேரம் இல்லாதவள்தான். அதற்கு முன்னால் மத்தியானம் என்றால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேரும் எதிரெதிராக உட்காருவார்கள். அவளுக்குத் தயிர்சாதமும் மோர்மிளகாயும். இவளுக்குத் தூத்துக்குடியிலிருந்து அம்மா அனுப்பும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. நித்திலா மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அந்தக் குரலிலேயே, சும்மா சாப்பிடுங்கக்கா, நான் வேற பக்கம் மூச்சு விட்டுக்கறேன் என்பாள். மூக்கைப் பிடித்தபடியே ஆராய்ச்சி பேசுவாள், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களைப் பற்றிப் பேசுவாள், 'அத்தை'யைப் பற்றிப் பேசுவாள். அத்தை என்பது இந்தச் செல்கள்தான். வெற்றிலை போட்டுப் போட்டு வாயில் புற்று வந்த ஒரு அம்மாளுக்கு ஆபரேஷன் செய்தபோது, அந்த அம்மாள் சம்மதித்துக் கொடுத்த ஒரு துண்டுச் சதையிலிருந்து நித்திலா வளர்த்தெடுத்தவை. அந்த அம்மாள் போய்ச்சேர்ந்துவிட்டாள். செல்கள் மட்டும் பிளாஸ்க்கில் பெருகிக்கொண்டிருந்தன. செத்துப்போன ஒருத்தியின் உடம்பு இன்னும் எங்கேயோ பசியோடு இருக்கிறது என்பது ஆரம்பத்தில் செலினுக்குக் கூச்சமாக இருந்தது, நித்திலாதான் அதை அத்தை ஆக்கினாள். அத்தைக்குச் சாப்பாடு குடுத்தாச்சா, அத்தை இன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா, பாருங்க. நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம் அவள் பெஞ்சுக்கு வருவாள், ஆனால் காதில் போன் இருக்கும். மூக்கைப் பிடிக்கக் கை ஒழியாது. செலினும் தொக்கு கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை நித்திலா கவனிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம், இதே ஹூட்டில், இதே பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. நினைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு ஈ முகத்தருகே பறந்துபோவதுபோல. இது போய்விட்டால் நித்திலா முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இன்னும் இரண்டு மூன்று வருஷம் இங்கேயேதான் இருப்பாள். அவ்வளவுதான். உடனே தலையை ஆட்டி அதைத் துரத்திவிட்டு, நித்திலாவின் பெயர் எழுதிய பாட்டிலிலிருந்து மீடியாவை உறிஞ்சி, ஒவ்வொன்றாக ஊற்றி மூடினாள். ஸ்பிரிட் தெளித்தோமா? தெளித்தோம். தெளித்தோமா? தினமும் செய்கிற காரியம் நினைவில் தங்குவதில்லை, வீட்டைப் பூட்டினோமா என்பதுபோல. ஸ்பிரிட் நெடி ஞாபகம் இருக்கிறது, ஆனால் அந்த நெடி எல்லா நாளிலும்தான் இருக்கிறது. உறிஞ்சுகுழாயின் முனை பாட்டிலின் விளிம்பில் பட்டதா? பட்டமாதிரியும் இருக்கிறது. தன்னுடைய பிளாஸ்க்குகளை எடுத்துப் பார்த்தாள். தெளிவாக இருந்தன. தெளிவாக இருந்ததே குற்றம்மாதிரி இருந்தது. அவரவர் பாட்டில் அவரவருக்கு என்பதால் அதில் ஆச்சரியமில்லை, ஆனால் நாளைக்கு வண்டியிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அது எங்கே தோன்றப்போகிறது? அக்காதான் கடைசியா தொட்டாங்க என்று பிரதாப் சொல்வான், அதுவும் கெட்ட எண்ணம் இல்லாமல்தான். சார் ஒன்றும் சொல்ல மாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அக்காவோடது மட்டும் நல்லாத்தான் இருக்கு என்று யாராவது தாழ்ந்த குரலில் சொல்வார்கள். கல்யாணமாகாத ஒரு பொம்பிளை, கல்யாணமாகிப் போகிற பெண்ணின் செல்களை. அதற்குமேல் அவர்கள் சொல்லவேண்டியதில்லை, மீதியை எல்லோரும் நிரப்பிக்கொள்வார்கள். சின்ன வயதில் பெரியம்மா மகள் ரோஸ்லின் லீவு முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று இவள் சிலுவை நட்ட குருசடி முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். பஸ் பஞ்சராகி ரோஸ்லின் திரும்பி வந்தாள். அன்று ராத்திரி ஒரே போர்வைக்குள் படுத்திருந்தபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது, இனிமேல் எதையும் நினைக்கவே கூடாது போலிருக்கிறதே என்று. அறிவியல் படித்து, பட்டம் வாங்கி, பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தபிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. ஆசைப்பட்டால் பாக்டீரியா வராது. அது தெரியும். தெரிந்தாலும் பிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுக் கையுறையை மாற்றிக்கொண்டாள்.

போன் செய்து சொல்லிவிடலாமா என்று ஒருகணம் நினைத்தாள். மாலையும் கழுத்துமாக இருக்கிறவளிடம் என்னவென்று சொல்வது? வேண்டாம். முதலில் ஆகவேண்டியதைப் பார்ப்போம். பிளாஸ்க்குகளில் பிளீச்சை ஊற்றினாள். மஞ்சள் வெளிறி, ஒன்றுமே இல்லாத நிறமானது. அத்தை போய்விட்டாள், இரண்டாவது தடவையாக. அப்புறம் செல்களை உறையவைத்திருக்கும் திரவ நைட்ரஜன் தொட்டி அறைக்குப் போனாள். போன மழைக்காலத்தில் நைட்ரஜன் வண்டி வராமல் தொட்டி வற்றியபோது, உறையவைத்திருந்ததில் முக்கால்வாசி வீணாகிவிட்டது. அத்தையின் செல்கள் ஒரே ஒரு சின்னக் குழாயில் தப்பியிருந்தன. கல்யாணம் முடிஞ்சு வந்ததும் முதல் வேலையா புதுசா உறைய வைக்கிறேன்கா என்று நித்திலா சொல்லியிருந்தாள். அந்த ஒன்றுதான் இருக்கிறது. அதையும் எடுத்து, அதுவும் பிழைக்காவிட்டால்? எடுக்காமல் விட்டால் நித்திலா வந்து அவளே எடுத்துக்கொள்வாள், எது ஆனாலும் அவள் கையாலேயே ஆகட்டும். அப்படி விடுவதுதான் புத்திசாலித்தனம். யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் போன மழையில் தப்பிய குழாய் என்பதால் அதற்கு உயிர் இருக்கிறதா என்பதே நிச்சயமில்லை, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போய், மறுவீடு முடிந்து, புதுமணத் தம்பதி கோயில்களெல்லாம் சுற்றி அவள் வருகிறவரைக்கும் தான் இன்குபேட்டரில் அவளுடைய வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது செலினால் ஆகாது. தடித்த நீலக் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியின் மூடியைத் தூக்கினாள். வெண்புகை விளிம்பு வழிந்து பாதத்தின்மேல் இறங்கியது. குழாயை வெதுவெதுப்பான தண்ணீரில் ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள், உள்ளே ஒரு கடுகளவு ஐஸ் மிஞ்சும்வரை. ஸ்பிரிட் தெளித்தாள். தெளிக்கிறேன் என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள், அப்புறம் சந்தேகம் வரக்கூடாது. தன் பெயர் எழுதிய புது மீடியா பாட்டிலைத்தான் திறந்தாள். செல்கள் அடியில் தங்கும்படி இயந்திரத்தில் சுழற்றி, பழைய திரவத்தை எடுத்துவிட்டு, சுத்தமான பிளாஸ்க்கில் ஊற்றி, இன்குபேட்டரின் நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். இனி செய்ய ஒன்றுமில்லை. செல்கள் தங்களுக்கு உயிர் இருந்தால் பிளாஸ்க்கின் தரையில் இறங்கி ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் மிதக்கும். மாலைக்குள் தெரிந்துவிடும். அதுவரைக்கும் எடுத்துப் பார்க்கக் கூடாது, அசைக்கக் கூடாது.

காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் வழக்கமாகக் காத்திருக்கும்போது பக்கத்தில் யாராவது இருப்பார்கள், யாராவது பாட்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள், யாராவது எதையாவது தொலைத்துவிட்டு அக்கா பார்த்தீங்களா என்பார்கள். இன்று ஃப்ரிட்ஜ் ஓடி நிற்கிற சத்தமும், எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும்தான். நித்திலாவின் நாற்காலியில் அவளுடைய ஸ்வெட்டர் கிடந்தது, சென்னையில் இந்த அறைக்குள் மட்டுமே தேவைப்படுகிற ஸ்வெட்டர். அதை மடித்து வைக்கலாமா என்று கையை நீட்டி, அப்படியே விட்டாள். அம்மா போன் செய்தாள். பூசைக்குப் போனியா என்று கேட்டாள். போகலைம்மா, வேலை இருந்தது. "ஞாயித்துக்கிழமையும் அதுகளுக்கு இரை வைக்கணுமா?" ஆமாம்மா. அதுக என்னதான் திங்கும் என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது, இவளும் சர்க்கரை, உப்பு, கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு சத்து என்று சொல்லியாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் அம்மா ஐயோ பாவம் என்பாள், கன்றுக்குட்டிக்கா செல்லுக்கா என்று தெரியாது. ஒரு காலத்தில் இந்த இடத்தில் அம்மா ஒரு வரன் பேச்சை எடுப்பாள். துறைமுகத்தில் வேலை, குணமான பையன், கொஞ்சம் வயசுதான் என்று. இவள் சத்தம் போடுவாள். இப்போது அம்மா எடுப்பதில்லை. எப்போது நிறுத்தினாள் என்று யோசித்தால் பிடிபடவில்லை. ஒருநாள் சத்தம்போட ஒன்றுமில்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு மழை பெய்ததாகவும் மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றல் நனைந்துவிட்டதாகவும் அம்மா சொன்னாள். நீ என்ன சமைச்ச என்றாள். கூட வேலை பார்க்கிற பெண்ணுக்கு இன்று கல்யாணம் என்பதைச் செலின் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா ஒன்றும் பேசமாட்டாள், அந்தப் பேசாமையைக் கேட்கவேண்டியிருக்கும். வச்சிரட்டா என்றாள் அம்மா. வைங்கம்மா. வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து மேசையின் மேலேறி, இறங்கி, தரைக்குப் போயிருந்தது.

திரும்பவும் போன் அடித்தபோது அம்மாதான் எதையோ மறந்துவிட்டாள் என்று எடுத்தாள். நித்திலா. பின்னால் மேளச்சத்தம், குழந்தைகள் கத்துவது, பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டு எல்லாம் பஞ்சுக்குள் போனதுபோல் அடங்கியது. புடவை மாத்தணும்னு சொல்லிட்டு மாடிக்கு வந்துட்டேன்கா, என்றாள். சாப்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள் செலின், காலையிலிருந்து சாப்பிடாதவள். மாப்பிள்ளை எப்படி இருக்கார், எல்லாம் நல்லா நடந்ததா, சார் வந்தாரா. எல்லாம் நல்லபடி. அப்புறம் நித்திலா வழக்கமான குரலில் அதைக் கேட்டாள்.

"அத்தை எப்படி இருக்கா?"

நல்லா இருக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள் செலின். ஒரு வார்த்தைதான். கல்யாணப் பெண்ணிடம் சொல்லலாம், பாவமில்லை. மாடியறையில் மின்விசிறி ஓடுவதுகூட அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"கலங்கிடுச்சாக்கா?"

"ம்."

"எல்லாமா?"

"எல்லாந்தான். நேத்து நான்தான் மீடியா மாத்துனேன் நித்திலா. எப்படின்னு எனக்கே தெரியல. என் கை..."

"உங்க கை இல்லக்கா. அது நான்தான்." அவள் சொன்ன விதத்தில் அழுகை இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று கடைசியாக ஒருதடவை அத்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆய்வகத்துக்கு வந்தாளாம். இரண்டு கையிலும் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது, கையுறை ஏறவில்லை. வெறும் கையாலேயே பாட்டிலைத் திறந்து, மூடியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டாளாம். அப்போது பார்த்து மாமா கீழே காரில் இருந்துகொண்டு போன்மேல் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, செல்லுக்கு ஊற்றக்கூட இல்லாமல், அதே மூடியைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். காரில் போகும்போதுதான் உறைத்தது. உங்களுக்குச் சொல்லணும்னு நினைச்சேன்கா, நலங்கு அது இதுன்னு மறந்தே போச்சு, என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்றேன், சார்கிட்ட சொல்லிடாதீங்க. இது போனா என்னால மறுபடியும் முதல்லேருந்து முடியாதுக்கா. விட்டுடுவேன். என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிட்டேன்."

உறைய வைத்திருந்த குழாயை எடுத்துப் போட்டிருப்பதாகச் செலின் சொன்னாள். அது ஒண்ணுதானே இருந்துச்சு என்றாள் நித்திலா. ஆமா. ஒட்டுச்சா? இன்னும் பாக்கல. யாரோ கதவைத் தட்டினார்கள், இதோ வரேன் என்று நித்திலா அந்தப் பக்கம் வேறொரு குரலில் சொன்னாள், ஒரே நாளில் வந்துவிட்ட ஒரு குரல். "அக்கா, நீங்க வந்திருக்கலாம்," என்றாள், இவள் பதில் சொல்வதற்குள் மேளச்சத்தம் உள்ளே வந்து, போன் நின்றுவிட்டது.

தன் கை இல்லை. செலின் மேசையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்தாள். கையுறைப் பவுடர் மடிப்புகளில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. நிம்மதியாக இருக்க வேண்டும், இருந்தது. ஆனால் நிம்மதி வந்து உட்கார்ந்த இடத்தில் ஏதோ எழுந்துபோன மாதிரியும் இருந்தது. காலையிலிருந்து மனசுக்குள் அவள் நித்திலாவோடுதான் இருந்தாள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சத்தியம் செய்துகொண்டு. இப்போது அந்தப் பேச்சுக்கெல்லாம் வேலை இல்லை. இவள் ஆசைப்பட்டதற்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஆசையும் தப்புக் கணக்குதான். அத்தை போனால் நித்திலா இன்னும் சில வருஷம் இருப்பாள் என்று இவள் நினைத்தாள். அத்தை போனால் அவளும் போய்விடுவாள். அத்தை பிழைத்தால் இந்த மாதக் கடைசியில் வருவாள், மிச்சமிருக்கும் வேலையை முடிப்பாள், வருஷம் திரும்புவதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இந்தக் குழாயை உருக்கி என்னத்தைக் காப்பாற்றினோம்? கொஞ்ச மாதங்களை. அந்த மாதங்களிலும் அவள் காதில் போன் இருக்கும்.

கையுறை மாட்டிக்கொண்டு இன்குபேட்டரைத் திறந்து, நிறைகுடத்தைத் தூக்குவதுபோல் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். முதலில் எல்லாம் உருண்டையாகத் தெரிந்தன, உருண்டையாக மிதந்து கண்ணைவிட்டு நழுவின. செத்தவை. தட்டை நகர்த்தினாள். மறுபடி உருண்டைகள், உடைந்த துகள்கள். இன்னும் நகர்த்தினாள். ஓரமாக ஒன்று நகராமல் இருந்தது. மிதக்கிறவற்றுக்குக் கீழே, தரையில், லேசாகத் தட்டையாகி, ஒருபக்கம் மெல்லிய ஒரு கால்மாதிரி நீட்டியிருந்தது. அதற்குத் தள்ளி இன்னொன்று. அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல, ஒன்றையொன்று தொடலாமா என்று யோசிப்பதுபோல. நிறைய இல்லை. ஆனால் இவ்வளவு போதும், இவை பெருகும். செலின் மூச்சை விட்டாள், கண்ணருகே கண்ணாடி வில்லை பனித்துப்போனது. துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். ஒட்டிருக்கு, கொஞ்சந்தான், ஆனா ஒட்டிருக்கு என்று போனில் எழுதி அனுப்பினாள். அது போய்ச்சேர்ந்ததற்கான அடையாளம் வந்தது, படித்ததற்கான அடையாளம் வரவில்லை. இப்போது படிக்கமாட்டாள், நாளைக்குத்தான் படிப்பாள், நாளைக்குப் படித்தாலும் நல்லதுதான்.

பிளாஸ்க்கை நடுத்தட்டில் திரும்ப வைத்து, உள்கதவான கண்ணாடியைச் சாத்தினாள். வெளிக்கதவைச் சாத்தவில்லை. கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் உள்ளங்கையை அந்தக் கண்ணாடியில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே இருப்பவை தாங்கள் ஒரு உடம்புக்குள்தான் இருக்கிறோம் என்று நம்பவேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் சூடு, பக்கத்தில் படுத்திருக்கிற ஒருத்தரின் முதுகில் இருக்கிற சூடு. இன்னொரு கையையும் வைத்தாள். அப்புறம் நெற்றியை. கதவு திறந்திருக்கிறது என்று இன்குபேட்டர் விட்டுவிட்டுக் கீச்சிட ஆரம்பித்தது. இரு, இன்னும் கொஞ்சம், என்று அதனிடம் சொல்லிவிட்டு, அவள் நெற்றியை எடுக்காமல் நின்றாள்.